உழுவை சுறாவும் இல்லை, மாறாத மீனும் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், விசைப்படகு மடியில் (இழுவலையில்) சிக்கிய ஒரு பெரிய மீனின் படத்தைப் போட்டு, கீழே "டைனோசர் காலத்திலிருந்து 15 கோடி ஆண்டுகளாக உருவம் மாறாமல் வாழும் கிட்டார் சுறா" என்று எழுதியிருந்தீர்கள். கடலோரத்து மீன் ஒன்றுக்கு அவ்வளவு பெரிய இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று தவறு இருக்கிறது. அது சுறா இல்லை. 15 கோடி ஆண்டு மாறாமல் இருக்கிற மீனும் இல்லை. இன்றைய வகைப்பாட்டின்படி கறாராகச் சொன்னால் கிட்டார் மீன்கூட இல்லை. பள்ளியில் பல வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவள், தரங்கம்பாடிக்காரி, இந்த மீனைச் சின்ன வயதிலிருந்து கரையிலும் கருவாட்டிலும் பார்த்து வளர்ந்தவள் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரையில் இதற்குப் பெயர் உழுவை. உளுவை என்று சொல்கிற ஊரும் உண்டு. பின்பக்கம் பார்த்தால் சுறா மாதிரியேதான் இருக்கும்: தடித்த வால், முதுகில் இரண்டு செட்டை, வாலை ஆட்டித்தான் நீந்தும். முன்பக்கம் திருக்கை: தட்டையான தலை, தலையோடு ஒட்டிப்போன மார்புச் செட்டை, கூம்பி நீண்ட மூக்கு. இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் மீனைத் திருப்பிப் போட்டால் போதும். செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருந்தால் சுறா, வயிற்றுப்பக்கம் இருந்தால் திருக்கை. உழுவைக்கு வயிற்றுப்பக்கம்தான். வேளா மீனுக்கும் அப்படியே. வாள் போன்ற கொம்பு இருப்பதால் அதையும் வேளாச் சுறா என்கிறோம், ஆனால் அதுவும் திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். சந்தையில் எல்லாவற்றையும் சுறா என்று கூவி விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளிதழ் அப்படி எழுதக்கூடாது என்பதுதான்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. அரிஸ்டாட்டிலே இதில் தடுமாறியிருக்கிறார். கிரேக்கக் கடலில் பிடிபட்ட இந்த மீனின் முன்பாதி திருக்கை மாதிரியும் பின்பாதி சொரசொரப்பான தோல் கொண்ட ஒரு சுறா மாதிரியும் இருந்ததால், இரண்டும் கலந்து பிறந்த கலப்பு மீனாக இருக்கும் என்று எழுதிவைத்தார். அந்தச் சுறாவுக்குக் கிரேக்கத்தில் ரினே, திருக்கைக்குப் பாட்டோஸ். இரண்டையும் ஒட்டவைத்ததுதான் ரைனோபாட்டோஸ். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. 1758-இல் லின்னேயஸ் மத்தியதரைக் கடல் மீனுக்கு அதையே சிற்றினப் பெயராக வைத்தார், 1790-இல் லிங்க் அதைப் பேரினப் பெயராக்கினார். அதற்கப்புறம் உலகத்தில் எங்கே இந்த வடிவத்தில் ஒரு மீன் கிடைத்தாலும், கல்லுக்குள் கிடைத்தாலும்கூட, ரைனோபாட்டோஸ் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். என் கடிதத்தின் விஷயமே இதுதான். வடிவத்தைப் பார்த்துச் சொந்தம் சொல்லிவிட்டார்கள். சொந்தம் வேறு எங்கோ இருந்தது.

மரபணுவை ஒப்பிட ஆரம்பித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 2012-இல் நெய்லர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த வேலைக்குப் பின் கிட்டார் மீன்கள், வேளா மீன்கள், ஆப்பு மூக்குள்ள பெரிய உழுவைகள் எல்லாம் ரைனோபிரிஸ்டிஃபார்மிஸ் என்ற ஒரே வரிசைக்குள் வந்தன. 2016-இல் லாஸ்ட், செரே, நெய்லர் மூவரும் போர்னியோவின் ஒரு புதுச் சிற்றினத்தை விவரிக்கிற சாக்கில் குடும்பங்களையே மறுபடி பிரித்து எழுதினார்கள். கிட்டார் மீன் குடும்பம் ஒன்று, ராட்சதக் கிட்டார் மீன் என்கிற கிளாக்கோஸ்டீகஸுக்குத் தனிக் குடும்பம், ரிங்கோபாட்டஸ், ரைனா முதலியவை சேர்ந்த ஆப்பு மீன் குடும்பம், வேளாக் குடும்பம், ஆஸ்திரேலியப் பக்கத்து பாஞ்சோ மீன்களும் அவற்றின் உறவினரும் சேர்ந்த குடும்பம் என்று ஐந்து. பழைய ரைனோபாட்டோஸும் மூன்றாக உடைந்தது: அமெரிக்கக் கரைகளில் உள்ளவை சூடோபாட்டோஸ் ஆயின, அக்ரோட்டீரியோபாட்டஸ் தனிப் பேரினமாக எழுந்தது, மீதி ரைனோபாட்டோஸாகவே இருக்கிறது.

இதில் என்னை அசர வைத்தது எது தெரியுமா? ராட்சதக் கிட்டார் மீனுக்கு, அதே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற சாதாரணக் கிட்டார் மீனைவிட, கொம்பு முளைத்த வேளா நெருங்கிய சொந்தம். அதே சமயம் பார்வைக்குக் கிட்டார் மீன் மாதிரியே இருக்கிற பிளாட்டிரைனா வகை மீன்கள் மின்திருக்கைகளோடு போய்ச் சேர்ந்துவிட்டன. கண்ணால் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

சரி, 15 கோடி ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண்ணை உங்கள் நிருபர் காற்றில் பிடிக்கவில்லை, அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபென், ஐக்ஸ்டெட் பகுதிகளின் சுண்ணாம்புக் கல்லிலும், பிரான்சில் செரின் என்ற இடத்திலும், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக்கு முந்தைய ஜுராசிக் காலத் திருக்கைகள் முழு உடலோடு கிடைத்திருக்கின்றன. அந்தக் கல் அச்சுத் தொழிலுக்காக வெட்டியெடுத்த வழவழப்பான கல், அதனால் செட்டையின் விளிம்புகூட அழியாமல் பதிந்திருக்கும். ஸ்பாத்தோபாட்டிஸ், ஆஸ்டிரோடெர்மஸ், பெலெம்னோபாட்டிஸ் என்று பெயர்கள். இங்கிலாந்தின் கிம்மரிஜ் கடற்கரையில் கிடைத்த கிம்மரோபாட்டிஸுக்கு 2019-இல்தான் பெயர் வைத்தார்கள். ஸ்பாத்தோபாட்டிஸின் படத்தை எங்கள் ஊர்ச் சந்தையில் காட்டினால் யோசிக்காமல் உழுவை என்பார்கள். நானும் அப்படித்தான் பல வருடம் வகுப்பில் சொன்னேன், பழைய நூல்களும் அவற்றைக் கிட்டார் மீன் குடும்பத்தில்தான் வைத்திருந்தன.

ஆனால் எலும்புக்கூட்டை (குருத்தெலும்புக் கூடு என்று சொல்ல வேண்டும்) ஒவ்வோர் உறுப்பாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இந்த ஜுராசிக் மீன்களை இன்றைய கிட்டார் மீன்களோடு சேர்ப்பதில்லை. இன்று வாழும் திருக்கை இனங்கள் எல்லாம் பிரிந்து போவதற்கு முந்தைய ஒரு பழைய கிளையில், மரத்தின் அடிப்பகுதியில்தான் வைக்கிறார்கள். அப்படியானால் கிட்டார் வடிவம் என்பது ஒரு குடும்பத்தின் அடையாளம் இல்லை. சுறா மாதிரி வாலும் திருக்கை மாதிரி தலையும் கொண்ட அந்த உடலமைப்பு திருக்கை வரலாற்றின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. கொட்டும் திருக்கைகள் வாலை மெலிதாக்கி உடலைத் தட்டாக விரித்துக்கொண்டன, வேளா மூக்கில் கொம்பு வளர்த்தது, கிட்டார் மீன்கள் பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டு உள்ளே பலதையும் மாற்றிக்கொண்டன. தாத்தாவின் வீட்டுத் திண்ணை அப்படியே இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பவர் தாத்தா ஆகிவிடுவாரா? அந்த ஜுராசிக் மீன்களுக்குள்ளேயே குழப்பம் இருந்தது. பவேரியாவில் (சோல்ன்ஹோஃபென் இருக்கிற ஜெர்மன் மாநிலம்) கிடைத்த பெரிய உடல்களைப் பிரெஞ்சு ஸ்பாத்தோபாட்டிஸின் வளர்ந்த மீன்கள் என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது அது வேறு மீன் என்று தெரிந்து, அண்மையில்தான் ஏலோபோபாட்டிஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

இந்த உடல்களைவிடவும் பழைய திருக்கைச் சான்று பற்கள்தான். ஜெர்மனியின் வடக்கே கிரிம்மென் என்ற ஊரின் களிமண் குழியிலிருந்து வந்த ஆன்டிகுவாபாட்டிஸ் பற்கள் ஆரம்ப ஜுராசிக்கைச் சேர்ந்தவை, சுமார் 18.5 கோடி ஆண்டுப் பழையவை.

அடுத்து கிரெட்டேசியஸ் காலம். இங்கேதான் கதை செழிக்கிறது. லெபனானின் ஹாக்கெல், ஹ்ஜூலா மலைக் கற்களில் ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுக்கு முந்தைய உழுவை வடிவ மீன்கள் முழுசு முழுசாகக் கிடைக்கின்றன. கப்பெட்டா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1980-இல் அவற்றை விரிவாக எழுதினார். பிரேசிலின் சந்தானா பாறைகளில் கிடைத்த மீனுக்கு 1996-இல் பிரித்தோவும் செரேயும் இயன்சான் என்று பெயரிட்டார்கள். காற்றுக்கும் புயலுக்குமான தெய்வமாக ஆப்பிரிக்க வம்சாவளி பிரேசில் மக்கள் கும்பிடுகிற இயன்சாவின் பெயர் அது. மெக்சிகோவின் த்லாயூவா கல்குவாரியில் கிடைத்ததற்கு மழைத் தெய்வம் த்லாலோக்கின் பெயரால் த்லாலோக்பாட்டஸ் என்று 2019-இல் பெயர் வந்தது. அந்தந்த மண்ணின் சாமி பெயரை ஒரு மீனுக்கு வைத்திருக்கிறார்கள், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கொம்பு மீன்களின் கதையும் இதே பாடம்தான். கிரெட்டேசியஸில் ஆன்கோப்ரிஸ்டிஸ், ஸ்கிளிரோரிங்கஸ் போன்ற வாள்கொம்புத் திருக்கைகள் இருந்தன. இவைதான் இன்றைய வேளாவின் பாட்டன் என்றுதான் யாருக்கும் தோன்றும். கொம்பில் பல் முளைக்கிற விதமே வேறு. இன்றைய வேளாவின் கொம்புப் பல் குழிக்குள் ஆழப் பதிந்து ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பழைய மீன்களுக்கு அப்படி இல்லை. உறவும் வேறு, அவற்றை இன்று ராஜா என்ற பேரினத்தை ஒட்டிய, ஆங்கிலத்தில் ஸ்கேட் எனப்படும் திருக்கைகளுக்கு அருகில் வைக்கிறார்கள். அந்தக் கூட்டம் டைனோசர்களோடு அழிந்துபோனது. வேளாக்கள் அதற்கப்புறம் இயோசீன் காலத்தில்தான் வருகின்றன. பக்கவாட்டில் செவுள் உள்ள வாள் சுறாவையும் சேர்த்தால் கடலில் இந்தக் கொம்பு தனித்தனியாக மூன்று முறை தோன்றியிருக்கிறது.

இத்தாலியின் போல்கா கற்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர் மாறுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய இரண்டு கிட்டார் மீன்கள் அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டன, வழக்கம்போல ரைனோபாட்டோஸ் என்ற பேரினத்தில். 2021-இல் மர்ராமாவும் சக ஆய்வாளர்களும் அதே கற்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது இரண்டும் இன்றைய ரைனோபாட்டோஸ் இல்லை என்று தெரிந்து, இயோரைனோபாட்டோஸ், சூடோரைனோபாட்டோஸ் என்று இரண்டு புதுப் பேரினங்கள் வந்தன. கல் அதேதான், பார்த்த கண்தான் வேறு. 5 கோடி ஆண்டுக்கு முந்தைய மீனே இன்றைய பேரினத்தில் அடங்கவில்லை என்றால், 15 கோடி ஆண்டு மாறாத மீன் என்று எப்படி எழுதுவது?

முழு உடல் கிடைப்பது அபூர்வம். இவற்றின் உடம்புக்குள் இருப்பது குருத்தெலும்பு, அது மக்கிவிடும். மிஞ்சுவது பல். அதுவும் சுறாப் பல் மாதிரி கையில் எடுத்துப் பார்க்கிற பல் இல்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர், மணல் பருக்கை அளவு. நண்டும் இறாலும் சிப்பியும் நொறுக்குவதற்கான, வரிசை வரிசையாகப் பாய் முடைந்த மாதிரி அடுக்கிய பற்கள். நம் அரியலூர்ப் பக்கம் காரைப் பாறைகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் சுறாப் பற்கள் கிடைத்திருப்பது பலருக்குத் தெரியும், சிப்பி நொறுக்கும் ப்டைகோடஸ் என்ற சுறாவின் பல்லும் அதில் உண்டு. வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய நத்தைக் கல்லையும் அம்மோனைட்டையும் காட்டுவதோடு நிறுத்தாமல், மண்ணைக் கரைத்துச் சல்லடையில் சலித்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற வேலை ஒன்றும் இருக்கிறது, அதில்தான் இந்தச் சின்னப் பற்கள் வெளிவரும் என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். படத்தில் முதல் முதுகுச் செட்டை இடுப்புச் செட்டைக்கு நேர் மேலே நிற்கிறது. வால் நுனியில் கீழ்ப்பக்கமும் ஒரு மடல் தெளிவாகத் தொங்குகிறது. கிட்டார் மீனுக்கு இரண்டும் கிடையாது: அதன் முதுகுச் செட்டைகள் இரண்டும் இடுப்பைத் தாண்டிப் பின்னால் இருக்கும், வாலில் கீழ்மடல் தெரியாது. அதனால் நீங்கள் போட்ட மீன் ரிங்கோபாட்டஸ், ஆப்பு மீன் குடும்பம். தமிழில் அதுவும் உழுவைதான், நம் சொல் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது, அதில் தப்பில்லை.

இது என்ன பெரிய விஷயம், பெயர்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பெயர்தான் ஐயா விஷயம். 2001-இல் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சில சுறா, திருக்கைகளைச் சேர்த்தபோது உழுவைகளில் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியது: ரிங்கோபாட்டஸ் ஜிடென்சிஸ். ஜித்தா நகரத்தின் பெயர் அது. டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணத்தில் போன ஃபோர்ஸ்கால் செங்கடலில் பார்த்து எழுதிய மீன். அவர் 1763-இல் ஏமனில் இறந்துபோக, கூடப் போன நீபூர் 1775-இல் அந்தக் குறிப்புகளை அச்சிட்டார். வெகு காலம் இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பிடிபட்ட எல்லா ரிங்கோபாட்டஸையும் இந்த ஒரே பெயரில் எழுதினார்கள், நம் மீன்வளப் பட்டியல்களும் அப்படித்தான். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது ஜிடென்சிஸ் செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையிலான மேற்குப் பகுதி மீன் என்று தெரிந்தது. நம் கரையில் பிடிபடுவது ஆஸ்திரேலியே, லேவிஸ் என்ற வேறு சிற்றினங்கள். ஆக, சட்டத்தில் எழுதியிருந்த மீன் நம் கடலில் இல்லை, நம் கடலில் இருந்த மீன் சட்டத்தில் எழுதப்படவில்லை. எத்தனையோ வருடம்! 2022 திருத்தத்தில்தான் அட்டவணைகளை மாற்றி எழுதினார்கள், கடல் மீன்களின் பட்டியலும் நீண்டது.

அதிலும் லேவிஸ் எங்கள் ஊர் மீன். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் இது: 1801-இல் பிளாக், ஷ்னைடர் பெயர்களில் வெளிவந்த பெரிய மீன் நூலில் ரிங்கோபாட்டஸ் லேவிஸ் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, அது கிடைத்த இடம் தரங்கம்பாடி என்று இருக்கிறது. இங்கே டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி நம் கரை மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் அவர் பெயரால் ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயரிட்டார். அதே 1801 நூலில்தான் வில் போல வளைந்த வாயும் தலையில் முள்வரிசையும் கொண்ட ரைனா ஆன்சிலோஸ்டோமாவும் வருகிறது, அதற்குச் சொன்ன இடம் சோழமண்டலக் கரை. 1973-இல் நாயரும் லால் மோகனும் மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு வரிமூக்குக் கிட்டார் மீனை விவரித்தார்கள். அப்போது அதுவும் ரைனோபாட்டோஸ், இப்போது அக்ரோட்டீரியோபாட்டஸ் வேரியகாட்டஸ். அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் ஆப்பிரிக்க, அரேபியக் கரைகளில் இருக்கிறார்கள், இது மட்டும் இங்கே. உலக அறிவியலுக்கு நம் கரை இத்தனை உழுவைகளைக் கொடுத்திருக்கிறது, நம் பாடப் புத்தகத்திலோ நாளிதழிலோ இதில் ஒரு வரியாவது வந்து நான் பார்த்ததில்லை.

இவை முட்டையிட்டு லட்சக்கணக்கில் பெருகும் மத்தி இல்லை. குட்டி போடும் மீன்கள், மெதுவாக வளர்பவை, கரையோர மணலில் கிடப்பதால் இழுவை மடிக்கு முதலில் அகப்படுபவை, செட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆப்பு மீன், ராட்சதக் கிட்டார் மீன் குடும்பங்களின் 16 சிற்றினங்களை மதிப்பிட்டபோது 15 சிற்றினங்கள் மிக அருகிய நிலையில் இருந்தன. அதே ஆண்டு ஜெனீவாவில் இந்த இரண்டு குடும்பங்களும், 2022-இல் பனாமாவில் கிட்டார் மீன் குடும்பமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தன. இப்படி ஒரு நேரத்தில் "15 கோடி ஆண்டுகளாக மாறாத மீன்" என்று படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? இவ்வளவு காலம் தாங்கிய மீன், இனியும் தாங்கும் என்றுதான். மடியில் இதைப் பார்த்துவிட்டு எந்தப் பெயரைச் சொல்வது, உயிரோடு இருந்தால் விட்டுவிட வேண்டுமா என்று தெரியாமல் நிற்கிற மீனவருக்கும் அந்த வரி எந்த உதவியும் செய்யாது.

ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும். அடுத்த முறை உழுவை கரைக்கு வந்தால் உங்கள் புகைப்படக்காரரிடம் மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள்: மேலிருந்து ஒன்று, திருப்பிப் போட்டு வாயும் செவுளும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் செட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரிய ஒன்று. அப்புறம், போன வாரப் படத்தின் அசல் உங்களிடம் இருந்தால் அதைத் திருத்தத்தோடு பெரிதாகவே வெளியிடுங்கள். மார்புச் செட்டையில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அதை ஒட்டி வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஆஸ்திரேலியே. அச்சில் அந்த இடம் மங்கிப்போய்விட்டது, என்னால் எண்ண முடியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
தரங்கம்பாடி